ஸ்டார்ட் ஆகாத பழைய எம்ஜிபி: சத்தத்தைக் கேட்டுக் குறையைப் பிடிப்பது

“வண்டி ஸ்டார்ட் ஆகலை” என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? பெரும்பாலும் பதில் இருக்காது. சத்தத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் புதுக் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருப்பார்கள். சத்தத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

எம்ஜிபி, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடிக்கும் ரோட்ஸ்டரும், மூடிய ஜிடியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ இன்ஜின், 1798 சிசி. நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். மின்சாரச் சாமான்கள் லூகாஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியுடையவை. அந்த லூகாஸ் 1961-இல் டிவிஎஸ்ஸுடன் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலைதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ். ஊரில் அம்பாசடர் ஷெட்டில் கை பழகிய நான், இங்கிலாந்தில் 1971-ஆம் வருட எம்ஜிபி ஒன்றை வாங்கி பானட்டைத் திறந்தபோது, வெளிநாட்டில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

வேலை தொடங்கும் முன் வண்டியின் வருடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். அதன் பிறகு நெகட்டிவ் எர்த், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் புத்தகத்தை நம்பாமல், எந்த முனையின் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பார்க்காமல் ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒரு நொடியில் போய்விடும்.

கருவி அதிகம் தேவையில்லை. பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லாம்ப், சாதாரண மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), எமரி பேப்பர், ஒரு பிளக் ஸ்பேனர் போதும். வயர் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரவுன் எப்போதும் கரன்ட் உள்ளது. வெள்ளை, சாவி போட்டால் கரன்ட் வருவது. வெள்ளையில் சிவப்புக் கோடு, செல்ஃபுக்கு, அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவது. வெள்ளையில் கறுப்புக் கோடு, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது) போவது. கறுப்பு, எர்த். லூகாஸ்காரர்களை ஆயிரம் குறை சொல்லலாம், இந்த நிற ஒழுங்குக்காக மட்டும் கையெடுத்துக் கும்பிடலாம்.

கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சாவி போட்டால் ஒன்றுமே இல்லை, சிவப்பு விளக்குகூட எரியவில்லை

நேராக சீட்டுக்குப் பின்னால் போங்கள். எம்ஜிபியில் பேட்டரி பானட்டுக்குள் இல்லை. சீட்டுகளுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்கு அடியில், ஒரு பலகையைக் கழற்றினால், 1974 வரை வந்தவற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆறு வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தொடராக இணைத்தால்தான் பன்னிரண்டு. அந்த இணைப்பு கேபிளையும் சேர்த்து நான்கு முனைகள்; எடுத்துப் பார்க்கச் சோம்பல்படும் இடம் என்பதால் நான்கிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். கேபிள்களைக் கழற்றி, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது பாடிக்குப் போகும் எர்த் கேபிளை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் பொறி பறக்காது. அந்த இருட்டுப் பெட்டிக்குள் பேட்டரி வாயு தேங்கி நிற்கும், பொறி வேண்டாம்.

ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆனது 6.3 வோல்ட் காட்டும். இரண்டும் சேர்த்து 12.6. மொத்தம் 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஒன்று சரியாகவும் மற்றது 4 வோல்ட்டிலும் இருந்தால் பிறகென்ன, நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது. ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியது பழையதோடு சேர்ந்து சீக்கிரம் கெடும். பலர் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போட்டிருப்பார்கள். அது நல்ல வேலைதான், கேபிள் சரியாகக் கட்டியிருந்தால்.

பேட்டரி நன்றாக இருந்தும் உயிரே இல்லையென்றால் பிரவுன் வயரைப் பின்தொடருங்கள். செல்ஃபின் பெரிய முனையில் கரன்ட் இருக்கிறதா? அங்கிருந்து கிளம்பும் பிரவுன் வயர் சாவி ஸ்விட்ச் வரை வருகிறதா? எங்கே டெஸ்ட் லாம்ப் அணைகிறதோ அதற்கு முந்தைய ஜாயின்ட்தான் குற்றவாளி. பழைய சொந்தக்காரர் திருட்டுக்குப் பயந்து பேட்டரி கட் ஆஃப் ஸ்விட்ச் மாட்டியிருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள்.

விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.

ஹெட்லைட் மங்கி அணையப் போகிறது, ‘டக்’ என்ற ஒரு சத்தமோ ‘டக டக டக’ என்ற தொடர் சத்தமோ கேட்கிறது என்றால், கரன்ட் போகப் பார்க்கிறது, ஆனால் பேட்டரியிலோ வழியிலோ பலமில்லை. மேலே சொன்ன பேட்டரி வேலைக்குத் திரும்புங்கள்.

ஹெட்லைட் சிறிதும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால், செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. செல்ஃப் மோட்டார் இன்ஜினின் வலது பக்கம், டிஸ்டிரிபியூட்டருக்குக் கீழே இருக்கும். அதன் சோலனாய்டில் (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) வரும் வெள்ளை–சிவப்பு வயரில் டெஸ்ட் லாம்பை வைத்து, உதவிக்கு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரிந்தும் சோலனாய்டு பேசவில்லையென்றால் சோலனாய்டு போச்சு. எரியவில்லையென்றால் சாவி ஸ்விட்ச், அல்லது பிற்கால வண்டிகளில் நடுவில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலே. அமெரிக்காவுக்குப் போன 1974 மாடல் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு: சீட் பெல்ட் மாட்டாவிட்டால் செல்ஃப் எடுக்காது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி இருந்தது. அங்கிருந்து திரும்பி வந்த வண்டிகளில் அந்த வயரிங்கைப் பாதி வெட்டி, பாதி முறுக்கி விட்டிருப்பார்கள். டேப் சுற்றிய முடிச்சு ஏதாவது தென்பட்டால் அதை அவிழ்த்துப் பாருங்கள்.

மோட்டார் ‘ர்ர்ர்’ என்று தனியாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் 1967 வரையிலான வண்டியாக இருக்கும். அதில் பெண்டிக்ஸ் பற்சக்கரம் தானாக வழுக்கி வந்து ஃப்ளைவீலைப் பிடிக்க வேண்டும். கிளட்ச் தூசி படிந்தால் சிக்கிக்கொள்ளும். செல்ஃபைக் கழற்றி அந்தச் சுருள் தண்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். எண்ணெய் விடாதீர்கள், மறுபடி தூசி ஒட்டும்.

செல்ஃப் முனகுகிறது, இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரி நல்லது, கேபிள் நல்லது, ஆனாலும் கிழவன் மாடி ஏறுவது மாதிரி சுற்றுகிறது. இப்போது சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கைப்பிடி) கேபிளைத் தொட்டுப் பாருங்கள், கவனமாக. சூடாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், குறை கிடைத்துவிட்டது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். கியர்பாக்ஸ் கழற்றிய ஏதோ ஒரு மெக்கானிக் அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார், அல்லது துரு தின்றிருக்கும். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அப்போது கிடைத்த வழியில், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக, பாடிக்குப் போகப் பார்க்கும். கேபிள் புகைந்து உருகியதையும் பார்த்திருக்கிறேன்.

மீட்டரில் பார்ப்பது எப்படி என்றால், ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இடத்திலும் வைத்து செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று என்று காட்டினால் எர்த் சரியில்லை. இதே மாதிரி பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ஃபின் பெரிய முனைக்கும் இடையே பார்த்தால் கேபிளின் நிலை தெரியும். அவசரத்துக்கு ஒரு ஜம்ப் கேபிளை இன்ஜினிலிருந்து பாடிக்கு மாட்டினால் அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை

ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பெரும்பகுதி இந்த ரகம். இங்கேதான் ஜனங்கள் பணத்தை இறைக்கிறார்கள். நானும் இறைத்தேன். பிளக், காயில், கண்டென்சர் மூன்றும் மாற்றி, கார்பரேட்டரையும் பிரித்துப் போட்டேன். குறை டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு லூஸ் ஜாயின்ட்டில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஸ்பார்க்கா, பெட்ரோலா என்று பிரியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டர் வாயில் ஒரு சிறு மூடி பெட்ரோல் விட்டு, பாட்டிலை மூடித் தூரமாக வைத்துவிட்டு, முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு செல்ஃப் எடுங்கள். இரண்டு முறை பிடித்து அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லையென்றால் ஸ்பார்க்கைத் தேடுங்கள்.

ஸ்பார்க்கைத் தேடும் வரிசை இது. டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த வயரை இழுத்து, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, அதன் முனையைப் பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். சற்று முன் பெட்ரோல் விட்ட இடத்தின் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், ஆவி அடங்கட்டும். நீலமாக, ‘சடக் சடக்’ என்று குதித்தால் காயில் வரை எல்லாம் நலம். குறை மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டார், பிளக் வயர், பிளக் இவற்றில் இருக்கிறது. மஞ்சளாக இழைபோல வந்தால் டிஸ்டிரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர் மீது சந்தேகம். ஒன்றும் வரவில்லையென்றால் காயிலுக்கு வாருங்கள்.

காயிலின் வெள்ளை வயர் முனையில் சாவி போட்டதும் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டும். என் வண்டியில் அது இல்லை. 1964 வாக்கில் தொடங்கி 1972 வரை வந்த எம்ஜிபிகளில் ஆர்பிஎம் மீட்டர் காயிலுக்குப் போகும் கரன்ட்டை எண்ணித்தான் முள்ளை நகர்த்தும். அதாவது வெள்ளை வயர் சாவியிலிருந்து நேரே காயிலுக்கு வராமல், டாஷ்போர்டுக்குள் மீட்டரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த மீட்டரின் பின்னால் புல்லட் கனெக்டர் ஒன்று தளர்ந்தாலும் வண்டி செத்துப்போகும். ஃபியூஸ் பாக்ஸில் தேடினால் கிடைக்காது; இந்த வழிக்கு ஃபியூஸே கிடையாது. பேட்டரியிலிருந்து காயிலுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

வெள்ளையில் கரன்ட் இருந்தால் காயிலின் மறுமுனையில், வெள்ளை–கறுப்பு வயரில், மீட்டரை வையுங்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, நான்காம் கியரில் போட்டு வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளினால் பாயின்ட் (காயிலின் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டும் சிறு ஸ்விட்ச்) திறந்து மூடுவது தெரியும். பாயின்ட் திறந்திருக்கும்போது பன்னிரண்டு, மூடியிருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எப்போதும் பன்னிரண்டு என்றால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அழுக்குப் பிடித்திருக்கிறது, அல்லது டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த வயர் வெளியே நல்லதாகத் தெரியும், உறைக்குள் செம்பு முறிந்திருக்கும். மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்.

எப்போதும் பூஜ்யம் என்றால் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. நேற்று வரை ஓடிய வண்டி, இன்று பாயின்ட் மாற்றியதும் இப்படி ஆனால் காரணம் தொண்ணூறு சதவீதம் உங்கள் கைவேலைதான். கண்டென்சர் வயரும் காயில் வயரும் பாயின்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், நடுவில் நிற்கும் ஆணியைத் தொடக் கூடாது. அந்த பிளாஸ்டிக் வாஷரை மாட்டும் வரிசை தப்பினால் எல்லாம் ஷார்ட். நான் இந்தத் தப்பை இருமுறை செய்திருக்கிறேன். எத்தனை வருட அனுபவசாலியும் செய்வார்.

பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், மில்லிமீட்டரில் 0.38. பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இது பழைய பாயின்ட் இக்னிஷனுக்கு.

காயில் வரை ஸ்பார்க் நன்றாக இருந்து பிளக்கில் இல்லையென்றால் ரோட்டாரைப் பாருங்கள். இப்போது சந்தையில் வரும் ரோட்டார்கள் பலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் கீழே ஆழமாக இறங்கி, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் உள்ளேயே டிஸ்டிரிபியூட்டர் தண்டுக்குப் பாய்ந்துவிடுகிறது. மூடியைக் கழற்றி, ரோட்டார் இருந்த இடத்திலேயே இருக்க, நடு வயரின் முனையை ரோட்டார் தகட்டுக்குச் சற்று மேலே பிடித்துச் செல்ஃப் எடுங்கள். ஸ்பார்க் ரோட்டாருக்குள் குதித்தால் அது கெட்டது. நல்ல ரோட்டாரில் குதிக்காது, ஏனென்றால் போக வழியில்லை. கண்டென்சரும் அப்படித்தான்: புதிது என்பதற்காக நம்பாதீர்கள். பழையது ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக் குளிர்காலத்தில் இன்னொன்று: இரவெல்லாம் தூறலில் நின்ற வண்டியின் மூடிக்குள் ஈரம் வியர்த்திருக்கும். துணியால் துடைத்து, டபிள்யூடி-40 அடித்து, மறுபடி துடைத்தால் போதும்.

ஸ்பார்க் உண்டு, பெட்ரோல் இல்லை

எம்ஜிபியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும், எஸ்யூ கம்பெனியின் பம்ப். பெரும்பாலான வண்டிகளில் வலது பின்சக்கரத்துக்கு முன்னால், அடியில் இருக்கும். சாவி போட்டதும் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்பரேட்டரின் கிண்ணங்கள் நிறைந்ததும் நிற்கும். இந்தச் சத்தம்தான் அதன் நாடித்துடிப்பு.

சத்தமே இல்லையென்றால் சுத்தியின் மரப்பிடியால் பம்ப் மேல் லேசாகத் தட்டுங்கள். டிக் என்று எழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் பாயின்ட் கருகி ஒட்டியிருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம். எமரி பேப்பரால் பாயின்ட்டைத் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் புதுப் பாயின்ட் வாங்கிவிடுங்கள். தட்டியும் எழவில்லையென்றால் பம்புக்கு வரும் வெள்ளை வயரையும் அதன் கறுப்பு எர்த் வயரையும் பாருங்கள். சேறும் தண்ணீரும் அடிக்கும் இடம்.

நிற்காமல் வேகமாக டிக்டிக் என்று அடித்தால் இரண்டில் ஒன்று. டேங்க் காலி, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. அப்படி இல்லாமல் பானட்டிலிருந்து பெட்ரோல் வாடை வந்தால் உடனே சாவியை அணையுங்கள்: கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வில் குப்பை சிக்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தின் மேல் தட்டினால் பல சமயம் அது தானாக உட்கார்ந்துவிடும்.

பம்ப் அடிக்கிறது, இருந்தும் இன்ஜினுக்குப் போகவில்லையென்றால் கார்பரேட்டர் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு சாவி போடுங்கள். துடிதுடித்து, தடையில்லாமல் விழ வேண்டும். முதலில் விழுந்து பிறகு நின்றால் டேங்கின் காற்றுத் துவாரத்தைச் சந்தேகியுங்கள். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று இழுத்தால் அதுவேதான்.

சோக்கை இழுத்ததாக நினைப்பது வேறு, சோக் வேலை செய்வது வேறு. பழைய ரக எஸ்யூ கார்பரேட்டரில் சோக் காற்றை அடைப்பதில்லை, அடியில் இருக்கும் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளைக்குழல்) கீழே இறக்கும். கைப்பிடியின் முதல் சிறு இழுப்பு ஆக்சிலரேட்டரை மட்டும்தான் தூக்கும். ஒருவரை முழுக்க இழுக்கச் சொல்லி, இரண்டு கார்பரேட்டரிலும் ஜெட் கீழே இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒன்று இறங்கி மற்றது இறங்காமல் நிற்பது அடிக்கடி நடப்பது.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் என்றால் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்து, கறுப்புத் துகள்களாக உதிர்த்து, நீடில் வால்வுக்கு அனுப்பும். விலை கூடினாலும் சூப்பர் கிரேடு இ5 போடுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து இருந்தால் குறை எதிர்ப்பக்கம்: சோக்கை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டே செல்ஃப் எடுங்கள்.

சாவியைத் திருப்பும்போது பிடிக்கிறது, விட்டதும் செத்துப்போகிறது

கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த, 1974-க்குப் பிந்திய வண்டிக்காரர்கள் கவனிக்க. அவற்றில் காயில் பாதி வோல்ட்டில் ஓடும் ரகம். ஓடும்போது வயரிங்குக்குள்ளேயே இருக்கும் பாலஸ்ட் வயர் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். செல்ஃப் எடுக்கும் நேரத்தில் மட்டும் சோலனாய்டிலிருந்து முழுப் பன்னிரண்டு போகும். ஆகவே செல்ஃபில் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பாலஸ்ட் வயர் அறுந்திருக்கிறது, அல்லது சாவி ஸ்விட்சின் ஓடும் நிலைத் தொடர்பு தேய்ந்திருக்கிறது. இந்த வண்டியில் பழைய ரகக் காயிலைப் போட்டால் ஸ்பார்க் பலவீனமாக இருக்கும். பழைய வண்டியில் இந்தக் காயிலைப் போட்டால் கொதித்துப்போகும். காயிலின் இரு சிறு முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள்: மூன்று ஓம் என்றால் சாதாரணம், ஒன்றரை என்றால் பாலஸ்ட் ரகம்.

டமால் என்று வெடிக்கிறது, பிடிக்கவில்லை

பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கும். பற்றும் வரிசை 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். அதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். இரண்டும் சரியாக இருந்தும் வெடித்தால் டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றிய யாரோ அதன் ஓட்டும் தண்டை நேர் எதிராக மாட்டியிருக்கிறார்கள். முதல் சிலிண்டரின் பிளக் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, நான்காம் கியரில் வண்டியைத் தள்ளுங்கள். விரலைக் காற்று தள்ள, பிஸ்டன் மேலேறி உச்சிக்கு வரும் சமயத்தில் ரோட்டார் முதல் பிளக் வயரைப் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆனது, பெட்ரோல் போட்டு வந்தால் ஆகவில்லை

சூடான இன்ஜினை நிறுத்தியதும் பானட்டுக்குள் வெப்பம் ஏறும். கார்பரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் ஓடுகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகி இன்ஜினுக்குள் நிறைந்திருக்கும். சோக்கைத் தொடாதீர்கள். சாவியைப் போட்டு பம்ப் சத்தம் நிற்கும் வரை பத்து நொடி காத்திருந்து, ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்திப் பிடித்துச் செல்ஃப் எடுங்கள். பத்து நிமிடம் பானட்டைத் திறந்து வைத்தால் தானாகச் சரியாவதும் உண்டு. ஆறிய பிறகுதான் ஸ்பார்க் வருகிறது, சூட்டில் வருவதில்லை என்றால் மட்டும் அது பெட்ரோல் குறை இல்லை. சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் சாமான் கண்டென்சர், அடுத்தபடி காயில். அப்போது டிக்கியில் எடுத்து வைத்த பழைய கண்டென்சரை மாட்டிப் பாருங்கள்.